படிக்க ஓர் இடம்: மதுரை மாணவரும் நூலகங்களும்

பங்கின் விழா மலரைக் கையில் எடுத்தவுடன் நாம் எதிர்பார்ப்பவை சில உண்டு. ஆலயம் எழும்பிய வரலாறு, பணியாற்றிய பங்குத் தந்தையரின் படங்கள், கோபுரத்துக்கும் மணிக்கும் கொடைதந்தோர் பட்டியல் ஆகியவை அவை. இவையெல்லாம் வேண்டியவையே; நன்றி மறவாமை நம் மரபு. ஆனால் ஆலய நிழலில் வளர்ந்த பிள்ளைகள் எங்கே அமர்ந்து படித்தார்கள், எந்த விளக்கொளியில் படித்தார்கள், யார் தந்த புத்தகத்தைப் படித்தார்கள் என்னும் வரலாறு மலர்களில் இடம்பெறுவது அரிது.

நம் பங்கின் குடும்பங்கள் பலவற்றில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. அவர்கள் பட்டம் பெற்றதைக் கொண்டாடியிருக்கிறோம். பட்டத்துக்கு முந்திய கதையை அவ்வளவாகப் பேசியதில்லை. வளவு வீட்டின் ஒற்றை அறையில் ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் தொட்டில், நடுவே இரவு ஷிப்டு முடித்து உறங்கும் தந்தை. இவற்றுக்கிடையே ஒரு மாணவன் புத்தகத்தை எங்கே திறப்பான்? மாணவி எங்கே திறப்பாள்? கல்வி வரலாறு என்று நாம் சொல்வதில் பாதி, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையே ஆகும். மதுரை மாநகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் தந்த விடைகளை இக்கட்டுரையில் வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

பதினாயிரம் மாணவர் பயின்ற நகர்

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரை நாம் அனைவரும் அறிவோம். அவர் 1610-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இந்நகரின் உயர்கல்வி பற்றிய அரிய செய்தி கிடைக்கிறது. மதுரையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர் என்றும், இருநூறு முந்நூறு பேராகப் பிரிந்து தனித்தனி ஆசிரியரிடம் பாடம் கேட்கின்றனர் என்றும் அவர் எழுதுகிறார். ஆசிரியரும் மாணவரும் உணவுக்கும் உடைக்கும் கவலையின்றிக் கல்வியில் ஈடுபட, விசயநகர அரசரும் மதுரை நாயக்கரும் மானியங்கள் விட்டிருந்தார்களாம்.

இன்றைய சொல்லில் சொன்னால் கல்வி உதவித்தொகை, விடுதி, உணவு ஆகிய மூன்றும் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரில் இருந்தன. படிப்பவனுக்குப் பாடம் மட்டும் போதாது, வயிறும் இடமும் பொழுதும் வேண்டும் என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது. இதில் பெருமை கொள்ளலாம்.

ஆனால் அதே கடிதம் சொல்லும் மற்றொன்றையும் நாம் மறைத்தல் கூடாது. அந்தப் பதினாயிரவரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர். உயர்கல்விக்கு உரிமை அவர்களுக்கு மட்டுமே இருந்தது. வைகைக் கரையில் நெல் நட்டவரும், தறி நெய்தவரும், தோல் பதனிட்டவரும் அந்தக் கல்விச்சாலைகளின் திண்ணையிலும் அமர முடியாது. வசதி இருந்தது, வாசல் மூடியிருந்தது. நம் திருச்சபையும் இந்தக் குற்றத்துக்கு முழுதும் அப்பாற்பட்டு நிற்கவில்லை. ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய காலம் நம் மறைபரப்பு வரலாற்றிலும் உண்டு. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. படிக்க இடம் இருந்ததா? அதன் கதவு யாருக்குத் திறந்தது?

ஏட்டிலிருந்து அச்சுக்கு

ஏட்டுச் சுவடிக் காலத்தில் நூலகம் என்பது மடத்திலும் அரண்மனையிலும் புலவர் வீட்டுப் பரணிலும் இருந்தது. ஒரு நூலைப் பெறவேண்டுமெனில் எழுத்தாணி பிடித்துப் படியெடுக்க வேண்டும். ஒரு படிக்குப் பல நாள் உழைப்பு. இந்நிலையை மாற்றியது அச்சு. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்பது நாம் மகிழ்ந்து நினைவுகூரும் செய்தி.

மதுரை மிசனில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732-இல் ‘சதுரகராதி’யை உருவாக்கினார். நிகண்டுகளை மனப்பாடம் செய்தவனே சொற்பொருள் அறியலாம் என்றிருந்த காலம் அது. சொற்களை அகர வரிசையில் நிறுத்திவிட்டால், நிகண்டை மனப்பாடம் செய்யாதவனும் தேடிக் கண்டுகொள்ளலாம். இது சிறு மாற்றம்போல் தோன்றும். ஆனால் ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணவன் தானே கற்கலாம் என்ற சுதந்திரத்தை அகர வரிசை தந்தது. இன்று நூலக அடுக்கிலும் கணிப்பொறியிலும் நாம் நூல்களைத் தேடும் முறைக்கு வேர் இவ்வகை ஒழுங்கிலேயே இருக்கிறது.

பிற்காலத்தில் இயேசு சபையினர் 1895-இல் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். மதுரை மிசனின் கடிதங்களையும் ஆவணங்களையும் அங்கே காத்து வந்தனர். தென் தமிழகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் அந்த மலையேறியிருக்கின்றனர். எனினும் அது ஆராய்ச்சியாளரின் நூலகம். சமவெளியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு அது எட்டாத் தொலைவு.

தேவர் தேடிய நூல்

மதுரையில் ஆங்கிலக் கல்லூரிக் கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்டது. அமெரிக்க மிசனரிமார் 1881-இல் பசுமலையில் கல்லூரி வகுப்பைத் தொடங்கினர். 1909-இல் அக்கல்லூரி வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்துக்கு இடம் பெயர்ந்தது. அதன் நூலகம் டேனியல் பூர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் கல்விப்பணி ஆற்றி, 1830-களில் மதுரைக்கு வந்து ஊர்தோறும் பள்ளிகள் திறந்தவர் அவர். நம் சபையைச் சேர்ந்தவரல்லர்; ஆயினும் அந்த நூலகத்தில் அமர்ந்து பயின்ற கத்தோலிக்க மாணவர் பலர். நன்றிக்குச் சபை வேறுபாடு இல்லை.

ஆங்கில நூல்கள் அலமாரியில் ஏறிய அந்நாளில் தமிழ் நூல்களின் நிலை என்ன? இதற்கு விடையாக மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் சொற்பொழிவு ஆற்ற மதுரைக்கு வந்தார். மேற்கோள் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்டார். சங்கம் வளர்த்த ஊரில் அவை எளிதில் அகப்படவில்லையாம். அந்த வருத்தமே 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கமாக உருப்பெற்றது என்பர். சங்கத்தோடு கல்லூரி, அச்சகம், ஆகியவற்றுடன் ‘பாண்டியன் புத்தகசாலை’ என்னும் நூலகமும் பிறந்தது. மறு ஆண்டில் ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்தது. நூல் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டவர் ஆயிரமாயிரம் பேர். கிடைக்கச் செய்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் என்பதால் தேவரை மாணவருலகம் மறத்தற்கில்லை.

இதே காலத்தில் புகைவண்டி நிலையத்தின் அருகே விக்டோரியா எட்வர்டு மன்றம் எழுந்தது. பகலில் வாசகசாலையும் கூட்டங்களும், மாலையில் அதே கட்டடத்தில் ரீகல் டாக்கீஸின் படக்காட்சியும் என்று நெடுங்காலம் நடந்த இடம் அது. காலையில் அறிஞர் பேச்சையும் அந்தியில் திரைப்படத்தையும் ஒரே கூரையின்கீழ் கண்டவர்கள் மதுரைக்காரர்கள். ஊரின் நடுவே, பேருந்துக்கும் இரயிலுக்கும் அருகே ஒரு வாசகசாலை இருந்தால் வழிப்போக்கனும் வாசகன் ஆவான் என்பதற்கு அம்மன்றம் நல்ல சான்று.

வீட்டுவரியில் பிறந்த நூலகம்

வள்ளல்களின் கொடையால் மட்டும் நூலகம் நிலைபெறாது. வள்ளல் மறைந்தால் விளக்கும் அணையும். இதை நன்கு உணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலைப் பூட்டிக் காப்பது நூலகர் வேலையன்று, வாசகனிடம் சேர்ப்பதே வேலை என்பது அவர் கொள்கையின் அடித்தளம். 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் தொடங்கியபோதும் அவர் ஊக்கம் அதன் பின்னே இருந்தது.

அவருடைய நெடுநாள் முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நமது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கி, அதைக் கொண்டு மாவட்டந்தோறும் மைய நூலகமும் ஊர்தோறும் கிளை நூலகமும் நடத்துவது சட்டத்தின் சாரம். இன்று சொத்துவரியில் நூற்றுக்குப் பத்து நூலக வரியாகிறது. நம்முள் வீட்டுவரி கட்டுவோர் இரசீதை ஒருமுறை உற்று நோக்கினால், தாமும் ஒரு நூலகத்தின் புரவலர் என்பதை அறிவர். சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தின் படியேறும் எளிய மாணவன், எவருடைய தயவிலும் ஏறவில்லை. தன் தெருவார் கட்டிய வரியின் உரிமையில் ஏறுகிறான்.

அரசு நூலகத்தோடு, மதுரையின் தெருமுனைகளில் படிப்பகங்களும் தோன்றின. ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, கட்சிக்கொடி, அன்றைய நாளிதழ்கள். 1950-களிலும் 1960-களிலும் எழுத்துக் கூட்டக் கற்ற தொழிலாளர் பலர் அங்கேதான் உலக நடப்பை வாசித்தனர். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதும் உண்டு. 1959-இல் தமுக்கம் அரண்மனையில் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகமும் தன்னகத்தே ஒரு நூலகத்தைக் கொண்டது.

மகளிர்க்குத் திறந்த கதவு

படிப்பகத்துப் பெஞ்சில் பெண் அமர்ந்ததில்லை. தெருவிளக்கின்கீழ் படித்து உயர்ந்த பெரியோரின் கதையை நாம் மேடைதோறும் சொல்கிறோம். தெருவிளக்கின்கீழ் ஒரு பெண்பிள்ளை அமர முடியுமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவளுக்கு வீடுதான் நூலகம். வீட்டிலோ வேலை ஓய்வதில்லை.

ஆகவே 1948-இல் லேடி டோக் கல்லூரியும், 1953-இல் லியோன்ஸ் நகரப் புனித சூசையப்பர் சபை அருட்சகோதரியர் நிறுவிய பாத்திமா கல்லூரியும் தோன்றியது மதுரை வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அவற்றால் பட்டம் பெற்ற பெண்களின் எண்ணிக்கை பெருகியதை எல்லாரும் அறிவர். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. பெண்கள் அச்சமின்றி மணிக்கணக்கில் அமர்ந்து வாசிக்க ஒரு மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் அங்கே கிடைத்தன. விளாங்குடியின் அந்த வளாகத்தில், ‘எழுந்து வந்து உலையைப் பார்’ என்று எவரும் குரல்கொடுக்காத இரண்டு மணி நேரத்தை வாழ்வில் முதன்முறையாகப் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் பின்னாளில் நம் பள்ளிகளின் ஆசிரியைகளாயினர்.

நாகமலை அடிவாரத்தில்

1966 வரை மதுரைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. மேல்நிலை ஆராய்ச்சிக்குச் சென்னைக்கே செல்லவேண்டும். அவ்வாண்டு மதுரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். நாகமலை புதுக்கோட்டையை அடுத்துப் பல்கலை நகர் எழுந்தது. 1978-இல் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள நூலகம் தெ.பொ.மீ. அவர்களின் பெயரைத் தாங்குகிறது. மதுரையும் இராமநாதபுரமும் நெல்லையும் குமரியும் ஆகிய தென்மாவட்டங்களுக்கெல்லாம் ஒருகாலத்தில் அதுவே ஆராய்ச்சியின் தலைவாசல்.

1971-இல் இப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளரும், எழுத்தரும், மணமான பெண்களும் பட்டப்படிப்பை எட்டிப்பிடித்தனர். பாடங்கள் தபாலில் வந்தன. ஆனால் நூலகம் தபாலில் வராதே! அச்சிட்ட பாடத்துக்கு அப்பால் ஒரு நூலைப் புரட்ட வேண்டுமாயின் அம்மாணவன் அருகிலுள்ள கிளை நூலகத்தையே நாடினான். கிளை நூலகத்தில் நாவலும் நாளிதழும் கிடைத்த அளவு பாடநூல் கிடைக்கவில்லை. கல்வி வீடுவரை வந்தும், கல்விக்குரிய கருவி வழியிலேயே நின்றது.

நகரின் மேற்கே கருமாத்தூரில் 1970-இல் இயேசு சபையினர் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தொடங்கினர். 1693-இல் ஓரியூரில் மறைசாட்சியாக மரித்த புனித அருளானந்தரின் பெயர் அதற்கு. அது எழுந்த மண்ணின் வரலாற்றை நோக்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆண்கள் இரவுதோறும் காவல் நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டியிருந்த வட்டாரம் அது. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது. நீங்கி இருபத்துமூன்று ஆண்டுகளில், அதே வட்டாரத்தில் ஒரு கல்லூரி நூலகம் கதவு திறந்தது. பாட்டன் கைரேகை வைத்த ஊரில் பேரன் நூலகப் பேரேட்டில் கையொப்பமிட்டான். இதைவிடப் பெரிய மறையுரை வேறு வேண்டுமோ?

அட்டைகளின் காலம்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். இந்தியக் கல்வி நிலையங்களுள் 1963-இலேயே கணிப்பொறி பெற்றது கான்பூர் ஐ.ஐ.டி.; சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்டது. அக்காலக் கணிப்பொறியை மாணவன் தொட்டுப் பார்த்ததில்லை. தன் நிரலைத் தாளில் எழுதி, துளையிட்ட அட்டைகளாக மாற்றி, ரப்பர் வளையத்தால் கட்டி, சன்னல் வழியே கொடுத்துவிட்டு வரவேண்டும். பிறகு காத்திருந்து விடைத்தாளைப் பெறுவான். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அன்றைய முயற்சி வீண்; மீண்டும் வரிசையில் நிற்கவேண்டும்.

1984-இல் மைய அரசின் புதிய கணிப்பொறிக் கொள்கை வந்தபின் விலை குறைந்தது. 1980-களின் பிற்பகுதியில் உயிரித் தொழில்நுட்பத் துறை நாடெங்கும் அமைத்த தகவல் மையங்களுள் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டியது. கல்லூரிகளிலும் கணிப்பொறி அறைகள் தோன்றின. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்னும் அறிவிப்பு. கருவறைக்குள் நுழைவதுபோல் மாணவர் உள்ளே நுழைந்தனர். ஒரு பொறிக்கு மூன்று பேர், வாரத்துக்கு ஒரு மணி. விசைப்பலகைக்கு அருகே அமர்ந்தவன் கற்றான். மற்ற இருவரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தனர். வீட்டில் கணிப்பொறி உள்ளவனே அருகே அமரும் துணிவும் பெற்றவன். 1610-இல் கண்ட அந்தப் பழைய வாசல் புதிய கண்ணாடியில் மீண்டும் தோன்றியது.

மதுரையின் பெயரால்

1995-இல் இணையம் இந்தியப் பொதுமக்களுக்குத் திறந்தது. அதில் தமிழுக்கு இடமுண்டா என்ற ஐயம் எழுந்தபோது விடைதந்தோருள் அயல்நாட்டுத் தமிழர் முன்னின்றனர். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பல நாடுகளிலும் வாழும் தமிழர், ஊதியம் பெறாமல், ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் இணையத்தில் ஏற்றினர். எவரும் எங்கிருந்தும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம்.

தேவர் 1901-இல் மதுரையில் தேடியும் எளிதில் அகப்படாத நூல்கள், நூற்றாண்டு நிறைவதற்குள் உலகின் எந்த மூலையிலும் அகப்படும் நிலையை நோக்கி நகர்ந்தன. அதுவும் மதுரையின் பெயரால்! 2001-இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அதை உருவாக்குவதில் முன்னின்ற முனைவர் வா.செ. குழந்தைசாமி, முன்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மேலூர் தந்த பாடம்

அதே 2001-இல் நம் மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞரும் கைகோத்து, கம்பியில்லா இணைப்பின் வாயிலாகக் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தனர். மின்னஞ்சல், கணிப்பொறிப் பயிற்சி, அரசுக்கு மனு, கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறுதல் எனப் பல பயன்கள். உலகெங்குமிருந்து ஆய்வாளர் வந்து பார்த்துச் சென்றனர்.

ஆனால் சில ஆண்டுகளில் அம்மையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. பொறி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. வருவாய் செலவுக்குப் போதவில்லை. ஊக்கம் தந்த நிறுவனங்கள் தொடர்ந்து துணைநிற்க இயலவில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே: திறப்பு விழா எளிது, திறந்து வைத்திருப்பதே அரிது. நாள்தோறும் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பழுது பார்த்து, மின்கட்டணம் கட்டி, ‘வா தம்பி, உட்கார்’ என்று சொல்ல ஒருவர் இல்லாவிடில் எந்த வசதியும் நிலைக்காது.

ஆறு மாடி நூலகமும் ஒற்றை அறை வீடும்

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளையும் முதன்முறையாகத் தன் மடியில் கணிப்பொறியை வைத்துக்கொண்டான். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று கல்லூரிகளை மூடியது. வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. 2021 தொடக்கத்தில் அரசு 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணைய வசதி சில மாதங்களுக்கு அளித்தது. அப்போது ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. கருவி இருந்தது, இணைப்பு இருந்தது, பாடமும் இருந்தது; அமர இடந்தான் இல்லை. ஒற்றை அறையில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு வகுப்புகளைக் கேட்க, தொலைக்காட்சி ஒருபுறம் முழங்க, மொட்டைமாடி வெயிலே பலருக்கு வகுப்பறை ஆயிற்று.

2023 ஜூலை 15-ஆம் நாள், காமராசர் பிறந்தநாளில், மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ரூ.200 கோடிக்கு மேற்பட்ட செலவு, தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி, இரண்டு இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பு. குழந்தைகளுக்கும், போட்டித் தேர்வு எழுதுவோருக்கும், பார்வைத்திறன் குறைந்தோருக்கும் தனித்தனிப் பகுதிகள். தென் மாவட்டங்கள் நெடுநாள் ஏங்கிய பேறு இது. இளைஞர் திரள்திரளாக அங்கே அமர்ந்திருப்பதைக் காணும்போது, புத்தகம் படிப்பார் இல்லை என்னும் புலம்பல் பொய்யென்று தெளிகிறது.

எனினும் நகரின் மறுகோடியிலும் சமவெளிச் சிற்றூர்களிலும் வாழும் பிள்ளைக்கு அந்த நூலகம் ஞாயிற்றுக்கிழமைப் பேறு. திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு மணிக்குமேல் அவன் எங்கே செல்வான்? கல்லூரி நூலகம் மாலையில் மூடும். மாதக் கட்டணம் பெறும் தனியார் படிப்பகங்கள் நகரில் தோன்றியுள்ளன, காசுள்ளவன் அமரலாம். இல்லாதவன் மீண்டும் அந்த ஒற்றை அறைக்கே திரும்புகிறான்.

நம் மண்டபத்தின் சாவி

நானூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு காலத்திலும் அரியது எதுவோ அது மாறிவந்திருக்கிறது. ஏட்டுக் காலத்தில் நூல் அரிது. அச்சு வந்தபின் நூலை வாங்கும் பணம் அரிது. பொது நூலகம் வந்தபின் பாடநூல் அரிது. பிறகு கணிப்பொறி அரிது, அப்பால் இணையம் அரிது. இன்று நூலும் பாடமும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அமைதியான ஓர் இடமும், தொல்லையில்லாத இரண்டு மணி நேரமுமே இன்று அரியவை. அன்று நாயக்கர் மானியம் விட்டுத் தீர்த்த குறை அது. இன்று தீர்க்க மானியமும் வேண்டாம், மனம் போதும்.

நம் பங்கில் மண்டபம் ஒன்று இருக்கிறது. திருமணம், ஞானஸ்நான விருந்து, அன்பியக் கூட்டம் தவிர்ந்த நாள்களில் அது பூட்டியே கிடக்கிறது. நம் பெற்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த காசில் எழுந்த கட்டடம் அது. விழா ஆண்டின் நினைவாக வளைவு கட்டலாமா, கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு வேயலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவற்றோடு இதையும் எண்ணிப் பார்க்குமாறு பங்குப் பேரவைக்கும் பங்கு மக்களுக்கும் பணிவுடன் முன்வைக்கிறோம்: மாலை ஆறு முதல் இரவு பத்து வரை அம்மண்டபத்தை மாணவர்க்குத் திறந்துவிடுவோம்.

இதற்கு வேண்டியவை அதிகமல்ல. பத்து மேசை, நல்ல விளக்கு, மின்விசிறி, குடிநீர், ஓர் இணைய இணைப்பு, பெண்பிள்ளைகளுக்குத் தூய்மையான தனிக் கழிப்பறை. இரவில் அவர்கள் அச்சமின்றி வீடு திரும்ப இளைஞர் மன்றத்தார் துணை. சப்பரத் திருவிழாவில் ஓரிரவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவை ஓராண்டு ஒதுக்கினால் மேசை நாற்காலி வந்துவிடும். அதைவிட முக்கியமானது, மேலூர் தந்த பாடம்: நாள்தோறும் கதவைத் திறக்க ஓர் ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள் நம்மிடையே பலர் உள்ளனர். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒருவர் ஏற்றால் ஏழு பேர் போதும்.

கதவு திறக்கும்போது அதை முழுதாகவே திறக்கவேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைக்கு மட்டும் என்றோ, சந்தா கட்டிய குடும்பத்துக்கு மட்டும் என்றோ வரம்பு கட்டினால், 1610-இன் பிழையை நாமும் செய்தவராவோம். அடுத்த தெரு இசுலாமியப் பிள்ளையும், எதிர்வீட்டு இந்துப் பிள்ளையும் அதே மேசையில் அமரட்டும். பிற சபையார் திறந்த நூலகத்தில் நம்மவர் பயின்றதற்கு நாம் திருப்பிச் செலுத்தும் கடன் அது.

பன்னிரண்டு வயதில் ஆண்டவர் இயேசு காணாமற்போனபோது அன்னை மரியாளும் சூசையப்பரும் மூன்று நாள் தேடி அவரைக் கண்ட இடம் எது? ஆலயத்தில், போதகர் நடுவே, கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் அமர்ந்திருந்தார். இறைவனின் இல்லம் ஒரு பிள்ளை அமர்ந்து கற்கும் இடமாகவும் இருந்தது என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று நமக்குத் தேவையில்லை. நம் பிள்ளைகளைத் தேடும் பெற்றோரும், ‘எங்கே போயிருப்பான், கோயில் மண்டபத்தில்தான் படித்துக்கொண்டிருப்பான்’ என்று கவலையின்றிச் சொல்லும் நாள் வரட்டும். அடுத்த விழா மலரில் அம்மண்டபத்தில் பயின்றோரின் பெயர்கள் கொடையாளர் பெயர்களுக்கு அருகே அச்சேறட்டும். அவ்வரத்தை நம் பாதுகாவலர் வழியாக இறைவன் அருள்வாராக.